முதுமையைத் தள்ளிப்போடும் கேப்சூல் எங்களிடம் உண்டா?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மஞ்சளிலுள்ள குர்குமின், ரெஸ்வெரட்ரால் போன்ற தாவரச் சத்துகளை விற்கும் எங்களிடம் பலரும் கேட்பது இதுதான்: "இவற்றைச் சாப்பிட்டால் மூப்பு தள்ளிப்போகுமா?" மனிதரிடம் அப்படி நிரூபிக்கப்பட்ட தாவரப் பொருள் இன்றுவரை ஒன்றுகூட இல்லை. எங்களை நம்பி வாங்கும் உங்களிடம் இதை நாங்களேதான் சொல்ல வேண்டும்.

ரெஸ்வெரட்ராலையே எடுத்துக்கொள்வோம். திராட்சைத் தோலில் இருக்கும் இப்பொருள் ஈஸ்ட்டின் ஆயுளைக் கூட்டியதாக 2003-இல் ஓர் ஆய்வு வந்தது. 2006-இல், கொழுப்புத் தீனி தின்று பருத்த சுண்டெலிகளும் இதனால் கூடுதல் காலம் வாழ்ந்தன. உலகமே பரபரத்தது. பின்னர் அமெரிக்கத் தேசிய முதுமை ஆய்வு நிறுவனத்தின் திட்டத்தில் மூன்று ஆய்வுக்கூடங்கள் ஒரே சோதனையைத் தனித்தனியே நடத்தின. வழக்கமான தீனி தின்ற சுண்டெலிகளின் ஆயுள் கூடவில்லை. குர்குமினும் பச்சைத் தேயிலைச் சாறும்கூட அங்கே ஆயுளைக் கூட்டவில்லை. இத்தாலியில் 65 வயதைக் கடந்த 783 பேரை ஒன்பது ஆண்டுகள் கவனித்து 2014-இல் வெளியான ஆய்வும், உணவில் ரெஸ்வெரட்ரால் அதிகம் பெற்றவர்கள் கூடுதலாக வாழ்ந்ததாகக் காட்டவில்லை.

சற்றே நம்பிக்கை தருவது கோகோ விதையிலுள்ள ஃபிளவனால் என்ற சத்துதான். 21,000-க்கும் மேற்பட்ட முதியவர்களிடம் நடந்து 2022-இல் வெளியான சோதனையில், அதை எடுத்தவர்களில் இதய, இரத்தநாள நோயால் இறந்தவர்கள், போலி மாத்திரை எடுத்தவர்களைவிட 27 சதவீதம் குறைவு. ஆனால் சோதனையின் முதன்மைக் கேள்வியான மொத்த இதயநோய் நிகழ்வுகளில் உறுதியான வேறுபாடு தெரியவில்லை. மறுபடி சோதித்துப் பார்க்க வேண்டிய செய்தி இது.

குர்குமினுக்கு வேறொரு சிக்கல். கேப்சூலைப் பிரித்து ஒரு தம்ளர் தண்ணீரில் கலக்கிப் பாருங்கள். உள்ளிருக்கும் தூள் கரையாமல் அடியில் படியும். குடலும் அதைச் சரியாக உறிஞ்சுவதில்லை. மிளகிலுள்ள பைப்பரின் சேர்த்தால் இரத்தத்தில் அதன் அளவு பல மடங்கு ஏறும். அதே பைப்பரின், வேறு மருந்துகள் உடலில் சிதைவதையும் தடுக்கக்கூடும். எனவே இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொட வேண்டாம். பச்சைத் தேயிலைச் சாற்றிலும் கவனம் தேவை: அதிலுள்ள இஜிசிஜி (EGCG) என்ற சேர்மம் நாளொன்றுக்கு 800 மில்லிகிராமை எட்டினால் கல்லீரல் பாதிக்கப்படலாம் என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் எச்சரித்தது.

காய், கனி, பருப்பு, கொட்டைகளை முழு உணவாகச் சாப்பிடுவதற்கு இருக்கும் சான்று, தனியே பிரித்த எந்தப் பொருளுக்கும் இல்லை. ஆயுள் கூடும் என்று எண்ணி மட்டுமே எங்களிடம் வாங்கியிருந்தால், பிரிக்காத புட்டிகளைத் திருப்பித் தரலாம். பணத்தை முழுமையாகத் தந்துவிடுகிறோம்.

அன்புடன்,
உங்கள் கடையினர்