பஞ்சுவின் வயிறும் வலிப்பும்

கோத்தகிரி

அன்புள்ள அம்மிணிக்கு,

அம்மா எழுதுவது. தீபாவளிக்கு மறுநாள் நானும் அப்பாவும் காசிக்குக் கிளம்பினால் திரும்பி வர 18 நாள் ஆகும். அதுவரை நம் நாய் பஞ்சு உன் பொறுப்பு. போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும், அதனால் எழுதியே வைக்கிறேன். இதைப் பிரிட்ஜ் கதவில் ஒட்டிவை.

அவனுக்கு வயிற்றுக் கோளாறு ஒரு வியாதி, வலிப்பு இன்னொரு வியாதி என்று தனித்தனியாக நினைக்காதே. வலிப்புக்குக் கொடுக்கும் பீனோபார்பிட்டோன் மாத்திரை பசியையும் தாகத்தையும் தூண்டிவிடும். பசியில் கண்டதைத் தின்பான். தின்றால் வாந்தி வரும். வாந்தியோடு மாத்திரையும் போனால் ரத்தத்தில் மருந்தின் அளவு குறைந்து, வலிப்பு வந்து நிற்கும். ஆகவே நீ காவல் காக்க வேண்டிய இடம் சமையலறை. வலிப்பை நேராகத் தடுக்க உன்னால் ஆகாது. தட்டைத் தடுக்கலாம்.

மாத்திரை 30 மில்லிகிராம். காலை 7 மணிக்குப் பாதி, இரவு 7 மணிக்குப் பாதி. 6 கிலோ உடம்புக்கு டாக்டர் போட்ட கணக்கு இது, ஒரு வேளைக்குக் கிலோவுக்கு இரண்டரை மில்லிகிராம். தூக்கமாக இருக்கிறானே என்று குறைக்கவோ, ஒரு மாதமாக வலிப்பே இல்லையே என்று நிறுத்தவோ கூடாது. இந்த மருந்தைத் திடீரென்று நிறுத்துவதே பெரிய வலிப்பைக் கூட்டிவரும். ஒரு வேளை மறந்துவிட்டால் ஞாபகம் வந்ததும் கொடு, அடுத்ததை வழக்கமான நேரத்தில் கொடு. அடுத்த வேளை நெருங்கிவிட்டிருந்தால் விட்டுவிடு. இரண்டையும் சேர்த்து மட்டும் கொடுக்காதே. நம் ஊர்ப் பனியில் வெட்டிய மாத்திரை ஈரம் ஏறிப் பொடிந்துவிடும், அதனால் காலையில் ஒன்றை மட்டும் உடைத்து மீதிப் பாதியை மூடி இறுக்கமான டப்பாவில் இரவுக்கு வை. 18 நாளுக்கு 18 மாத்திரை போதும், நான் 40 வைத்திருக்கிறேன். ஐப்பசி மழையில் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தால் மருந்து கீழேயிருந்து வராது. டாக்டர் சீட்டு இல்லாமல் கடையிலும் தரமாட்டார்கள்.

வேகவைத்த கோழித் துண்டுக்குள் வைத்துக் கொடு. முழுங்கினானா என்று கன்னத்தின் உள்பக்கம் விரல் விட்டுப் பார். ஒதுக்கி வைத்திருந்து சோபாவுக்கு அடியில் துப்பும் கெட்டிக்காரன் அவன். கொடுத்த கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்து, மாத்திரை உருவம் மாறாமல் கண்ணில் பட்டால் இன்னொரு பாதி கொடுக்கலாம். கண்ணில் படாவிட்டால் ஊகத்தில் கொடுக்காமல் டாக்டருக்குப் போன் பண்ணு. அடுத்தடுத்து இரண்டு வேளை மருந்து வயிற்றில் நிற்கவில்லை என்றால் அது போனில் தீர்கிற விஷயமில்லை, ஊசியாகப் போட வேண்டியிருக்கும். தூக்கிக்கொண்டு போ.

இனிச் சாப்பாடு. ஒரு நாளைச் சாப்பாட்டை நான்காகப் பிரித்துக் கொடு. இரண்டே வேளையாகக் கொடுத்தால் பசி தாங்காமல் குப்பைக்கூடையைக் கவிழ்ப்பான். பேதியோ வாந்தியோ வந்தால் வழக்கமான உணவை நிறுத்திவிட்டுப் பத்தியம். தோலும் கொழுப்பும் எடுத்த கோழி நெஞ்சுக்கறி வெந்தது 60 கிராம், குழைந்த சோறு 120 கிராம், வெந்த பரங்கிக்காய் இரண்டு டீஸ்பூன். இது ஒரு முழு நாளைக்கு, ஐந்து தடவையாக. உப்பு, மஞ்சள், எண்ணெய் எதுவும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும் என்பதால் ரசம் ஊற்றிப் பிசைந்து கொடுக்கும் பாசமும் வேண்டாம். நம் உயரம் கிட்டத்தட்ட 1,800 மீட்டர், தண்ணீர் இங்கே 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் வைத்த சோறு வெளியே வெந்தும் உள்ளே நறுக்கென்றும் இருக்கும், அது அப்படியே மலத்தில் வரும். குக்கரில் இரண்டு விசில் கூடுதலாக விட்டு, கையால் மசித்துக் கொடு. மலம் கெட்டியான பிறகு பழைய உணவைக் கால் பங்கு, அரைப் பங்கு என்று மூன்று நாளில் ஏற்று. பத்தியச் சோற்றிலேயே வாரக்கணக்கில் வைத்திருக்கக் கூடாது, அதில் சுண்ணாம்புச் சத்து முதலிய பலதும் கிடையாது.

வாந்தி அடங்கும்வரை நான்கைந்து மணி நேரம் உணவை நிறுத்தலாம். சின்ன உடம்பை ஒரு நாள் முழுக்கப் பட்டினி போடுவது பழைய வைத்தியம். தண்ணீரைக் கிண்ணத்தில் வைத்தால் ஒரே மூச்சில் குடித்து அத்தனையையும் கக்குவான், கால் மணிக்கு ஒரு தடவை ஒரு டீஸ்பூன் என்று கொடு. ஒரு நாளைக்கு அவனுக்கு 300 முதல் 350 மில்லி வேண்டும். உடம்பிலிருந்து 300 மில்லி போய்விட்டாலே 5 சதவீதம் வற்றிவிட்டான் என்று அர்த்தம். ஈறில் விரல் வைத்தால் வழுக்காமல் ஒட்டும், பிடரித் தோலைத் தூக்கி விட்டால் மெதுவாகத்தான் படியும். அப்போது டிரிப் ஏற்ற வேண்டும், வாய் வழியாகச் சமாளிக்க முடியாது.

கொழுப்புதான் அவனுக்கு முதல் எதிரி. வர்க்கி பிஸ்கட்டைச் சொல்கிறேன். டீக்கு இரண்டு வர்க்கி வைத்தால் அரை வர்க்கி பஞ்சுவுக்கு என்பது அப்பாவின் சட்டம், நீயும் அதைத் தொடராதே. அத்தனை அடுக்கிலும் கொழுப்பு. அதில் கணையம் வீங்கினால் முன்னங்கால்களைத் தரையில் நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கி, கும்பிடுகிற மாதிரி நிற்பான். சோம்பல் முறிக்கிறான் என்று நினைக்காதே, அது மேல்வயிற்று வலி. தீபாவளிப் பலகாரம் மிச்சம் எல்லாம் பீரோ மேலே இருக்கிறது. முறுக்கின் எண்ணெய் ஒரு பக்கம் என்றால் லட்டில் இருக்கும் திராட்சை இன்னொரு பக்கம், அது சிறுநீரகத்தையே கெடுக்கும். உன் சிநேகிதிகள் யாராவது ஊட்டி சாக்லேட் கொண்டுவந்தால் வாசலிலேயே வாங்கி உள்ளே வை. கறுப்புச் சாக்லேட் 25 கிராம் போதும் இவனுக்கு வாந்தி, படபடப்பு வர, 70 கிராம் போனால் வலிப்பே வரும். பட்டர் ஃப்ரூட் சதையில் கொழுப்பு, கொட்டை குடலை அடைக்கும். இரண்டும் வேண்டாம்.

வலிப்பைக் கிளப்பும் இன்னும் சில நம் வீட்டிலும் தோட்டத்திலும் இருக்கின்றன. நீலகிரித் தைலம் அதில் ஒன்று. சளி என்றால் நமக்குத் தடவிக்கொள்வது சரி, அவன் உடம்பில் தடவினால் நக்கி உள்ளே போகும். நாய்க்கு அது நரம்பைத் தாக்கும் விஷம். பூஜை அலமாரிக் கற்பூரமும் அப்படியே. மழை விட்டதும் காய்கறித் தோட்டங்களில் நத்தைக்கு மெட்டால்டிஹைடு உருண்டை போடுவார்கள், வாசனைக்கு நாய் தின்றுவிடும். உடம்பு முழுக்க நடுக்கம், கொதிக்கிற சூடு, விடாத இழுப்பு என்று வந்தால் வழக்கமான வலிப்பு என்று காத்திருக்காதே. கவரோ டப்பாவோ கிடைத்தால் அதையும் எடுத்துக்கொண்டு ஓடு.

மாத்திரைப் பெட்டியில் நமக்கு வைத்திருக்கும் எதையும் அவனுக்குக் கொடுக்கக் கூடாது. பேதிக்கு எல்லோரும் கை வைப்பது மெட்ரோனிடசோல். நம் 400 மில்லிகிராம் மாத்திரையை நமக்குப் போலவே மூன்று வேளை கொடுத்தால் அவனுக்குக் கிலோவுக்கு 200 மில்லிகிராம் ஆகிவிடும். தள்ளாட்டம், கண் ஆட்டம், வலிப்பு எல்லாம் அதனாலேயே வரும். வாந்திக்கு மெட்டோக்ளோபிரமைடும், பேதிக்கு சிப்ரோஃப்ளாக்சசினும் வலிப்புள்ள நாய்க்கு யோசித்துக் கொடுக்க வேண்டியவை. புது டாக்டரிடம் போனால் "இவனுக்கு வலிப்பு உண்டு, பீனோபார்பிட்டோன் ஓடுகிறது" என்பதை முதல் வாக்கியமாகச் சொல். உண்ணிக்கு வாய்வழி கொடுக்கும் பிரேவெக்டோ, நெக்ஸ்கார்டு வகை மாத்திரைகளுக்கும் வலிப்பு எச்சரிக்கை உண்டு, 2018-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவே சொன்னது. சீப்பு வைத்து வாரி எடு, போதும்.

வலிப்பு வந்தால் முதலில் கடிகாரத்தைப் பார். அரை நிமிடம் அரை மணி நேரமாகத் தெரியும், உன் மனக்கணக்கை நம்பாதே. நாக்கை முழுங்கிவிடுவான் என்று யாராவது ஸ்பூனை நீட்டினால் வாங்காதே. நாய் நாக்கை முழுங்காது, உன் விரல்தான் போகும். கையில் சாவி, இரும்பு கொடுக்கும் பழக்கமும் வேண்டாம். படி, மேசைக்கால், ஹீட்டர் பக்கமிருந்து போர்வையோடு இழுத்து நகர்த்து, டிவியையும் விளக்கையும் அணை, முடிந்தால் போனில் வீடியோ எடு. டாக்டருக்கு உன் வர்ணனையைவிட அது உதவும். 2 நிமிடம் தாண்டினால் சிவப்பு டப்பாவில் உள்ள மிடசோலம் ஸ்ப்ரே, டாக்டர் எழுதிக் கொடுத்தபடி ஒவ்வொரு மூக்குத் துளையிலும் ஒரு தடவை. 5 நிமிடம் ஆகியும் நிற்காவிட்டால் வண்டியை எடு. 24 மணி நேரத்தில் இரண்டாவது வலிப்பு வந்தால் இரவானாலும் போன் பண்ணு, மூன்றாவது வரும்வரை வீட்டில் இருக்காதே. மேட்டுப்பாளையம் இறங்க ஒரு மணி நேரம் ஆகும், அந்த ஒரு மணியையும் கணக்கில் வைத்து முன்னாலேயே கிளம்ப வேண்டும். எதிர்வீட்டு அண்ணனை வண்டி ஓட்டச் சொல், நீ பின்சீட்டில் அவனைப் பக்கவாட்டில் படுக்க வைத்துக் கழுத்தை நேராகப் பிடித்துக்கொள். வாயைக் கட்டாதே.

நின்ற பிறகு தெர்மாமீட்டர் வை. 38 முதல் 39.2 டிகிரி வரை சரி. 40.5 தாண்டியிருந்தால் பாதம், தொடை இடுக்கு, வயிறு ஆகிய இடங்களில் ஈரத்துணி போடு. நம் குழாய்த் தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும், கொஞ்சம் வெந்நீர் கலந்துகொள். 39.5 வந்ததும் நிறுத்திவிடு. பிறகு கொஞ்ச நேரம் கண் தெரியாதவன் மாதிரி சுவரில் முட்டுவான், உன்னையே அடையாளம் தெரியாமல் உறுமலாம். நன்றாக நின்று, பெயர் சொன்னால் திரும்பி, ஒரு டீஸ்பூன் தண்ணீரைச் சரியாக முழுங்கிய பிறகுதான் சோறு, அதுவும் இரண்டு ஸ்பூன். அதற்கு முன்னால் கொடுத்தால் மூச்சுக்குழாயில் போகும்.

எச்சில் ஒழுக உதட்டை நக்கிக்கொண்டே இருந்தால் அது குமட்டலா, வலிப்பின் தொடக்கமா என்று குழம்பும். பெயரைக் கூப்பிடு. திரும்பிப் பார்த்துப் புல்லைத் தேடினால் வயிறு. கண் ஒரே இடத்தில் நிலைத்து, முகத்தின் ஒரு பக்கம் துடித்தால் வலிப்பு. குளிர் நடுக்கத்தில் இருப்பவன் கூப்பிட்டால் வருவான்.

நுரை தள்ளுவதைப் பார்த்து அக்கம்பக்கத்தில் யாராவது வெறிநாய் என்று கத்தினால் தடுப்பூசி அட்டையைக் காட்டு, அலமாரி முதல் தட்டில் இருக்கிறது. வலிப்பில் உன்னைக் கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போ. அட்டை இருக்கிறதே என்று வீட்டிலேயே இருந்துவிடாதே.

பேதி இரவில் வந்தால் கதவைத் திறந்து வெளியே விடாதே. தேயிலைக்குள் சிறுத்தை நடமாட்டம் உண்டு, வெள்ளை நாய் அதற்கு ஒரு கவளம். குளியலறையில் பழைய பேப்பரை விரித்து வைத்திருக்கிறேன். மலத்தில் ரத்தம் ஜாம் மாதிரி வந்தாலும், தார் போலக் கறுப்பாக வந்தாலும், வயிறு உப்பி வாந்தி எடுக்க முயன்று ஒன்றும் வராவிட்டாலும் விடியும்வரை காத்திருக்காதே.

நோட்டில் நான்கு கட்டம் போட்டிருக்கிறேன்: மாத்திரை நேரம், மலம், வாந்தி, வலிப்பு எத்தனை விநாடி. தினமும் எழுது. ஞாயிறு காலையில் அவனைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறு, பிறகு தனியாக ஏறிக் கழித்துக்கொள். 300 கிராம் இறங்கியிருந்தால் டாக்டரிடம் சொல். அவனைக் காரில் கூட்டிப்போக வேண்டியிருந்தால் மாத்திரை கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துக் கிளம்பு, வளைவுகளில் வாந்தி எடுப்பான்.

உன் வண்டி வெளியூர் நம்பர், நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் எடுத்துக்கொண்டு வா. வரும் வழியில் அவனுக்கென்று பிஸ்கட் எதுவும் வாங்காதே.

அம்மா