ஃபியோர்டு போகிறவர்களுக்கு எந்தக் கப்பல் என்பதையும் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு பயண இணைப்பில் நார்வே ஃபியோர்டு, அதாவது மலைகளுக்கு நடுவே நாட்டுக்குள் நீளும் கடல், கப்பல் சுற்றுலா பற்றி முழுப் பக்கக் கட்டுரை வந்திருந்தது. படங்கள் அருமை, அதில் குறையில்லை. ஆனால் கடைசி வரி வரை படித்த பிறகும் எந்த மாதிரிக் கப்பலில் போவது என்பது மட்டும் தெரியவில்லை. ஃபியோர்டு பயணத்தில் மற்ற எல்லாமே அதைப் பொறுத்துத்தான் அமையும். நானும் என் கணவரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு பெரிய சொகுசுக் கப்பலிலும் போனோம், வேறொரு கோடையில் ரயில், சிறு படகு, கடலோரக் கப்பல் என்று மாறி மாறியும் போய் வந்தோம். இரண்டும் ஒரே நாடு என்றே நம்ப முடியாத அளவு வித்தியாசம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பனிப்பாறைகள் பல்லாயிரம் ஆண்டுகள் மலையைக் குடைந்துகொண்டே இறங்கி, பிறகு உருகிப் பின்வாங்க, அந்தப் பள்ளத்தில் கடல் புகுந்ததுதான் ஃபியோர்டு. அதனால்தான் இரு பக்கமும் சுவர் போல நிற்கும் மலை, தண்ணீருக்கு அடியிலும் அதே செங்குத்தாக இறங்குகிறது. சோக்ன ஃபியோர்டு கடலிலிருந்து நாட்டுக்குள் 200 கிலோமீட்டருக்கு மேல் போகிறது, ஆழம் 1,300 மீட்டர். அதிலிருந்து கிளைத்துப் போகும் நேரோய் ஃபியோர்டோ சில இடங்களில் 250 மீட்டர் அகலம்தான். இந்த நேரோயும் கெய்ராங்கர் என்ற இன்னொரு ஃபியோர்டும் 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன.

இப்படி ஒடுக்கமான இடத்துக்குள் மூவாயிரம், நாலாயிரம் பேரை ஏற்றிக்கொண்டு பன்னிரண்டு மாடிக் கப்பல் நுழைந்தால் என்ன ஆகும்? கெய்ராங்கர் கிராமத்தில் நிரந்தரமாக வசிப்பவர்கள் சில நூறு பேர்தான். கோடையில் கப்பல் வந்து நிற்கும் நாளில் அந்த ஒற்றைத் தெருவில் கால் வைக்க இடம் இருக்காது, கழிப்பறைக்கு வரிசை, பேருந்துக்கு வரிசை, அப்புறம் சாயங்காலம் எல்லாரும் கப்பலுக்குத் திரும்ப இன்னொரு வரிசை. காற்று அடிக்காத நாளில் கப்பலின் புகை மேலே போக வழியில்லாமல், புகைபோக்கி இல்லாத அடுக்களை போல, மலைக்கு நடுவே நீலமாகத் தங்கி நிற்கிறது. அதை நாங்கள் கண்ணால் பார்த்தோம். பார்க்க வந்த அருவியே மங்கலாகத் தெரிந்தது.

நார்வே நாடாளுமன்றம் 2018-இலேயே, உலகப் பாரம்பரிய ஃபியோர்டுகளுக்குள் 2026-க்குள் புகை வெளியிடாத கப்பல்கள்தான் வர வேண்டும் என்று தீர்மானம் போட்டது. பிறகு அதைத் தளர்த்தி, 10,000 டன்னுக்குக் குறைவான பயணிகள் கப்பல்களுக்கு மட்டும் 2026, பெரிய கப்பல்களுக்கு 2032 என்று மாற்றிவிட்டார்கள். அதிகமாகப் புகை விடுகிறவர்களுக்கு அதிகமான அவகாசம் கொடுத்தது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. பெரிய கப்பல்களை நம்பி அங்கே கடை வைத்திருப்பவர்கள், வழிகாட்டி வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள் என்பது உண்மை, அவர்கள் பிழைப்பும் முக்கியம்தான். ஆனால் ஒருநாள் வந்து ஐந்து மணி நேரத்தில் கிளம்பிவிடும் கூட்டத்தைவிட, அங்கேயே இரண்டு ராத்திரி தங்கிச் சாப்பிட்டுப் போகிறவர்களால் அந்த ஊருக்கு லாபம் கூடுதல் என்றே நினைக்கிறேன்.

சரி, வேறு எப்படிப் போவது? ஆஸ்லோவிலிருந்து பெர்கன் போகும் ரயிலில் ஏறி மிர்டால் என்ற மலை நிலையத்தில் இறங்கினால், அங்கிருந்து ஃபியோர்டுக் கரையில் உள்ள ஃப்ளோம் வரை 20 கிலோமீட்டருக்கு ஒரு தனிப் பாதை, 860 மீட்டருக்கு மேல் உயரத்திலிருந்து கடல் மட்டத்துக்கே இறங்குகிறது, வழியில் 20 சுரங்கங்கள், 1940-இல் ரயில் ஓடத் தொடங்கிய பாதை. ஃப்ளோமிலிருந்து குட்வாங்கனுக்கு நேரோய் ஃபியோர்டு வழியாகப் படகு, சுமார் இரண்டு மணி நேரம். 2018 முதல் அந்தத் தடத்தில் முழுக்க மின்கலத்தில் ஓடும் படகும் இருக்கிறது. எஞ்சின் சத்தமே கிடையாது. பாறையில் தண்ணீர் சொட்டுவது, மேலே எங்கோ மேயும் ஆட்டின் கழுத்து மணி, எல்லாம் காதில் விழுகிறது. பெரிய கப்பலின் மேல்தளத்தில் எங்களுக்குக் கேட்டதெல்லாம் நீச்சல் குளத்துப் பாட்டுத்தான். குட்வாங்கனில் பேருந்து பிடித்து வோஸ் என்ற ஊருக்குப் போய், மறுபடி ரயிலேறி பெர்கன் போய்விடலாம். எல்லாச் சீட்டையும் இங்கே வீட்டிலிருந்தே வாங்கலாம்.

கெய்ராங்கரிலும் சிறு படகுகள் உண்டு. பாறையை ஒட்டிப் போய் அருவிச் சாரல் மேலே தெறிக்கும் தூரத்தில் நிறுத்துவார்கள். தண்ணீரிலிருந்து 250 மீட்டர் உயரத்தில் மலை விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஸ்காகெஃப்ளோ என்ற கைவிடப்பட்ட பண்ணையைக் கீழிருந்து காட்டுவார்கள். வரி வசூலிக்க ஆள் வந்தால் அங்கிருந்தவர்கள் ஏணியை மேலே இழுத்துவிடுவார்கள் என்று ஒரு கதையும் சொல்வார்கள். கதையை விடுங்கள், அந்த விளிம்பில் ஆடு மாடு வளர்த்து, பிள்ளை குட்டிகளோடு ஒரு குடும்பம் வாழ்ந்திருக்கிறது என்பதை அண்ணாந்து பார்க்கும்போதுதான் மனசு ஏற்கிறது. பெரிய கப்பலின் பன்னிரண்டாவது மாடியிலிருந்து பார்த்தால் அது சும்மா ஒரு புல்வெளி.

கடல் பயணம்தான் வேண்டும், பெட்டி தூக்கி ஏறி இறங்க முடியாது என்கிற வயதானவர்களுக்கு நான் சொல்வது கடலோரக் கப்பல். எங்களுக்கும் முட்டிவலி உண்டு, அந்தக் கஷ்டம் தெரியும். 1893-இல் ரிச்சர்ட் வித் என்ற கேப்டன் தொடங்கிவைத்த தபால் கப்பல் தடம் அது. பெர்கனிலிருந்து ரஷ்ய எல்லைக்கு அருகே உள்ள கிர்க்கனெஸ் வரை 34 துறைமுகங்கள், போய்த் திரும்ப 12 நாள், இப்போது ஹுர்திகுருத்தன், ஹவிலா என இரண்டு நிறுவனங்கள் ஓட்டுகின்றன. முழுத் தூரமும் போகத்தான் வேண்டும் என்றில்லை, பாதியில் இறங்கிக்கொள்ளலாம். கோடை மாதங்களில் வடக்கே போகும்போது கெய்ராங்கருக்குள்ளும் நுழைகிறது. ஹவிலா கப்பல்களில் பெரிய மின்கலம் வைத்திருக்கிறார்கள், நான்கு மணி நேரம் வரை அதிலேயே ஓடும், 2022-இல் கெய்ராங்கர் ஃபியோர்டைப் புகையில்லாமல் சுற்றிக் காட்டினார்கள். இதில் கேளிக்கை அரங்கு, சூதாட்ட அறை எதுவும் கிடையாது. பக்கத்து ஊர் மருத்துவமனைக்குப் போகும் பாட்டியும், பள்ளிப் பிள்ளைகளும் நம்மோடு வருவார்கள், நள்ளிரவில் ஏதோ ஒரு சின்னத் துறையில் சரக்கு இறக்குவார்கள். வடகோடியில் நிற்கும் வார்டோ, ஹோனிங்ஸ்வோக் போன்ற ஊர்களின் மீன் தொழிற்சாலைகளில்தான் 1980-களில் இலங்கையிலிருந்து போன நம் தமிழ்ப் பிள்ளைகள் பலர் குளிரில் விறைத்த கைகளோடு வேலை பார்த்தார்கள். அந்த வரலாறு தெரிந்து அந்தத் துறையில் நிற்பது வேறு மாதிரி இருந்தது.

சைவம் சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே எழுதிச் சொல்லிவிட வேண்டும், உருளைக்கிழங்கும் ரொட்டியும் எப்படியும் கிடைக்கும், ஊறுகாய் கொண்டுபோங்கள். குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம், பாட்டில் வாங்கிக் காசை வீணாக்க வேண்டாம். அருவிகள் முழு வேகத்தில் விழுவது பனி உருகும் மே, ஜூனில்தான். பள்ளி விடுமுறையெல்லாம் முடிந்து ஆகஸ்ட் கடைசியில் போனால் கெய்ராங்கரில் ஏழு சகோதரிகள் என்று சொல்லும் அருவிகளில் சிலர் வெறும் ஈரக்கோடாகத்தான் தெரிவார்கள்.

விசா விஷயத்தை உங்கள் கட்டுரை தொடவே இல்லை, அதுதான் எனக்கு அதிகக் கவலை. விளம்பரங்களில் வரும் பல ஃபியோர்டு கப்பல்கள் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனிலிருந்து கிளம்புகின்றன. நார்வேக்கு ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா, இங்கிலாந்துக்குத் தனி விசா, இரண்டுக்கும் தனித்தனிக் கட்டணம், தனித்தனிக் காத்திருப்பு. எங்கள் பெரிய கப்பல் பயணத்தை ஏற்பாடு செய்த முகவர் முழுப் பணத்தையும் வாங்கிய பிறகுதான் இங்கிலாந்து விசாவைப் பற்றி வாயைத் திறந்தார். கிளம்புவதற்கு முதல் வாரம்தான் பாஸ்போர்ட் கைக்கு வந்தது, அதுவரை வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. இரண்டு பேர் ஓய்வூதியச் சேமிப்பைப் போட்டுப் போகிற பயணத்தில் இப்படி நடக்கக் கூடாது.

உங்கள் பயண இணைப்பை நம்பிப் பணம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள் ஐயா. அடுத்த முறை இப்படி ஒரு கட்டுரை வரும்போது, கப்பல் எங்கிருந்து கிளம்புகிறது, எத்தனை பேர் ஏறும் கப்பல், எந்தெந்த விசா வேண்டும், எந்த ஃபியோர்டுக்குள் உண்மையிலேயே நுழைகிறது, கரையில் எத்தனை மணி நேரம், கரைச்சுற்றுலாவுக்குத் தனிக் காசா என்பதை ஒரு சின்னப் பெட்டிச் செய்தியாகவாவது போடுங்கள். அதற்கு ஒரு படத்தைக் குறைக்க வேண்டியிருந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சி