சிறு விமானமும் அதன் பேட்டரியும்: பெற்றோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரேடியோ அலையால் இயக்கப்படும் சிறிய மாதிரி விமானங்கள் இப்போது பள்ளிப் பிள்ளைகளின் கைக்கும் எளிதாக வந்துவிடுகின்றன. பெட்டியைப் பிரித்தவுடனே பறக்கவிட வேண்டும் என்ற ஆவல் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, வாங்கிக் கொடுத்தவர்களுக்கும் உண்டு. அந்த அவசரத்தில் விடுபட்டுப்போகும் சில வேலைகளால் விமானம் முதல் நாளே உடைந்துபோகலாம். பேட்டரியைத் தவறாகக் கையாண்டால் வீட்டுக்குள் தீவிபத்தே நேரலாம். ஆகவே பறப்பதற்கு முன் செய்ய வேண்டியவற்றை, முக்கியமாகச் சார்ஜ் செய்யும் முறையை, தங்கள் நாளிதழ் வழியாகப் பெற்றோரின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

இவ்வகை விமானங்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது, பழகியவர்கள் ‘லிப்போ’ என்று சொல்லும் லித்தியம் பாலிமர் பேட்டரி. எடை குறைவாக இருந்தும் மோட்டாருக்கு வேண்டிய மின்னோட்டத்தை ஒரே வீச்சில் தரவல்லது என்பதால்தான் இத்தனை சிறிய விமானம் பறக்கவே முடிகிறது. ஆனால் அதற்கு மேல் எல்லையும் கீழ் எல்லையும் உண்டு. பேட்டரிக்குள் இருக்கும் தனி மின்கலமான ஒரு ‘செல்’ முழுமையாகச் சார்ஜ் ஆனால் 4.2 வோல்ட், அதற்கு மேல் ஏற்றினால் உள்ளே வெப்பமும் வாயுவும் உண்டாகிப் பேட்டரி உப்பும், தீயும் பற்றலாம். 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் செல் மீளமுடியாதபடி கெட்டுவிடும்.

கைப்பேசியைச் சார்ஜ் செய்து பழகிய நாம் இதையும் அதுபோலவே எண்ணிவிடுகிறோம். கைப்பேசியில் மின்சாரம் எவ்வளவு ஏற வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதைக் கவனிக்கும் சுற்று கைப்பேசிக்குள்ளேயே இருக்கிறது. மாதிரி விமானத்தின் பேட்டரியில் பெரும்பாலும் அப்படி எதுவும் இருப்பதில்லை; அந்தப் பொறுப்பு முழுவதும் சார்ஜரைச் சேர்ந்தது. எனவே முனை பொருந்துகிறது என்பதற்காக ஏதோ ஒரு சார்ஜரையோ, நிக்கல் வகைப் பேட்டரிக்கான சார்ஜரையோ இதில் செருகவே கூடாது. விமானத்துடன் வந்த சார்ஜர், அல்லது லிப்போவுக்கென்றே செய்யப்பட்ட சார்ஜர், இவை இரண்டில் ஒன்றைத் தவிர வேறு வழியில்லை.

இரண்டு அல்லது மூன்று செல்கள் கொண்ட பேட்டரியில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. மூன்று செல் பேட்டரி நிறைந்தால் மொத்தம் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். ஒரு செல் 4.3, மற்றொன்று 4.2, மூன்றாவது 4.1 என்று இருந்தாலும் கூட்டுத்தொகை அதே 12.6தான், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகவே தோன்றும், ஆனால் ஒரு செல் எல்லையைத் தாண்டியிருக்கும். பேட்டரியில் தடித்த இரண்டு கம்பிகளுடன் மெல்லிய கம்பிகள் சேர்ந்த சிறு வெள்ளை இணைப்பும் தரப்பட்டிருப்பது, ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே அளந்து சமப்படுத்துவதற்காகத்தான். இப்படிச் சமப்படுத்தும் பேலன்ஸ் சார்ஜரில் அந்த இணைப்பையும் தவறாமல் பொருத்த வேண்டும்.

எவ்வளவு மின்னோட்டத்தில் ஏற்றுவது என்பதற்கு எளிய கணக்கு உண்டு. பேட்டரியின் மேல் 1000 மில்லி ஆம்பியர் மணி என்றிருந்தால் 1 ஆம்பியர், 500 என்றிருந்தால் 0.5 ஆம்பியர். இப்படி ஏற்றினால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரத்தைக் குறைக்க முயல்வதைவிட, அதைப் பெரியவர் ஒருவர் அருகில் இருந்து கவனிப்பதே முக்கியம். பேட்டரியை விமானத்திலிருந்து கழற்றி, துணி, காகிதம் எதுவும் அருகில் இல்லாத சிமென்ட் தரையிலோ ஓடு பதித்த தரையிலோ வைத்துச் சார்ஜ் செய்யுங்கள். இரவில் செருகிவிட்டு உறங்கப் போவது கூடவே கூடாது. பறந்து இறங்கிய சூட்டோடு சார்ஜ் செய்யாமல் ஆறவிடுங்கள். உப்பிய பேட்டரியையும், விழுந்ததில் நசுங்கிய பேட்டரியையும், பார்வைக்கு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், மீண்டும் சார்ஜ் செய்யாதீர்கள்.

இனி விமானத்தின் பக்கம் வருகிறேன். பேட்டரியை வைத்த பிறகு, இறக்கையின் அடியில் இரு பக்கமும் விரலால் தாங்கி, விமானம் சமமாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். எந்த இடத்தில் தாங்கினால் சமமாக நிற்க வேண்டும் என்பது விமானத்துடன் வரும் கையேட்டில் இருக்கும். பொதுவாக அது இறக்கையின் முன்விளிம்பிலிருந்து, இறக்கை அகலத்தின் நான்கில் ஒரு பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையே அமையும். வால் பக்கம் தாழ்ந்தால் பேட்டரியைச் சற்று முன்னே நகர்த்துங்கள். வால் கனத்த விமானத்தைத் தேர்ந்தவரே அடக்குவது கடினம்.

மின்இணைப்பில் வரிசை மாறக் கூடாது. முதலில் கையிலுள்ள டிரான்ஸ்மிட்டரை இயக்கி, வேகக் கட்டுப்பாட்டை முழுவதும் கீழே வைத்து, அதன் பிறகே விமானத்தில் பேட்டரியை இணைக்க வேண்டும். முடிக்கும்போது விமானத்தின் பேட்டரியை முதலில் கழற்ற வேண்டும். இணைத்த கணத்திலிருந்து புரொப்பெல்லர் எப்போது வேண்டுமானாலும் சுழலலாம் என்று எண்ணி, அதன் முன்னும் பக்கவாட்டிலும் கையோ முகமோ வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு விமானத்தின் பின்னால் நின்று, கட்டுப்பாட்டுக் குச்சியை வலப்பக்கம் தள்ளினால் வல இறக்கையின் பின்விளிம்பில் அசையும் மடல் மேலேயும் இட இறக்கையின் மடல் கீழேயும் போகின்றனவா, தன் பக்கம் இழுத்தால் வால் மடல் மேலே எழுகிறதா என்று பாருங்கள். இது தலைகீழாக இருந்தால், தரையில் சில நொடிகளில் திருத்தக்கூடிய அந்தக் கோளாறை வானில் எவராலும் திருத்த முடியாது.

பறந்து முடித்த பேட்டரியை முழுதாக ஏற்றியும் வைக்காமல், வெறுமையாகவும் விடாமல், செல்லுக்கு ஏறக்குறைய 3.8 வோல்ட் இருக்கும்படி எடுத்து வைத்தால் அது நெடுநாள் உழைக்கும். பல சார்ஜர்களில் இதற்கென்றே தனி வசதி இருக்கிறது.

இவற்றை விற்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பேட்டரியில் எத்தனை செல், எவ்வளவு மின்னோட்டம், எந்தச் சார்ஜர் என்ற மூன்றையும், பிள்ளையிடம் அல்ல, உடன் வந்திருக்கும் பெரியவரிடம், பெட்டியைக் கையில் கொடுக்கும் முன்பே தமிழில் சொல்லிக் கொடுங்கள். தங்கள் நாளிதழின் சிறுவர் பகுதியிலும் விடுமுறைக்கு முன்பாக இதுகுறித்து விளக்கப் படத்துடன் ஒரு கட்டுரை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்