ஷெட்டில் நிற்கும் காருக்கும் பராமரிப்பு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் பத்திரிகையில் வரும் வாகனப் பகுதியை விடாமல் படிக்கிறேன். புதிதாக என்ன கார் வந்திருக்கிறது, என்ன விலை, லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும் என்பதையெல்லாம் நன்றாகவே எழுதுகிறீர்கள். ஆனால் வாங்கிய காரை எப்படி வைத்துக்கொள்வது என்று எழுதும்போது மட்டும், தினமும் ஆபீஸ் போய் வருகிற சென்னைக்காரரை மனதில் வைத்தே எழுதுகிறீர்கள். எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் நிலைமை வேறு. இந்தப் பக்கத்திலேயே கார் வேலை பார்த்துப் பிழைக்கிறவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான், தேவகோட்டை என்று எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் வீட்டுக்காரர்கள் சென்னையிலோ கோவையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள், கார் மட்டும் இங்கே ஷெட்டில் நிற்கும். கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்), படைப்பு (முன்னோருக்குப் படைத்துக் கும்பிடுவது), கும்பாபிஷேகம் என்று வரும்போதுதான் வெளியே எடுப்பார்கள். மற்ற நாட்களில் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் தூசி தட்டி, கவர் போட்டு வைத்திருப்பார். பார்க்கப் புதுக் கார் போலவே இருக்கும். மீட்டரைப் பார்த்தால் அதைவிடச் சந்தோஷமாக இருக்கும், ஏழெட்டு வருடத்துக் கார் பதினைந்தாயிரம் கிலோமீட்டரைக்கூடத் தாண்டியிருக்காது. "ஓடவே இல்லையே, இதுக்கு எதுக்கு சர்வீஸ்?" என்று கேட்கிறார்கள். எனக்குப் பயம் வருவது இந்தக் கேள்வியைக் கேட்கும்போதுதான்.

தினமும் ஓடுகிற காரில் ஏதாவது கோளாறு வந்தால் கடைத்தெருவுக்குப் போகும்போதே தெரிந்துவிடும். ஒரு சத்தம் கேட்கும், பிரேக் கொஞ்சம் உள்ளே போகும், ஓட்டுகிறவர் உடனே கொண்டுவந்து காட்டிவிடுவார். ஷெட்டில் நின்ற காருக்கு அந்த வாய்ப்பே கிடையாது. மாதக்கணக்கில் நின்றுவிட்டு அது ஓடுகிற முதல் ஓட்டமே திருச்சி விமான நிலையத்துக்கு ஆள் அழைத்துவர, அதுவும் சித்திரை வெயிலில், ஐந்து பேரும் டிக்கி நிறைய பெட்டிகளுமாக, நெடுஞ்சாலையில் நூறுக்குக் குறையாத வேகத்தில். ஓட்டுகிறவரும் அன்றைக்கு மட்டும் வந்த ஆக்டிங் டிரைவர், அந்தக் காரை அதற்கு முன் தொட்டே இருக்க மாட்டார். ஒரு காருக்கு இதைவிடக் கடினமான நாள் இல்லை, அந்த நாளுக்கு முன்னால் யாரும் பானட்டைத் தூக்கிக்கூடப் பார்ப்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

காரோடு கொடுக்கிற புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான பெட்ரோல் கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போது ஆயில் மாற்ற வேண்டும் என்று போட்டிருக்கும். எல்லாரும் முதல் பாதியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள். ஆயில், பிரேக் ஆயில், கூலன்ட், ரப்பர், பேட்டரி எல்லாம் கார் நின்றாலும் வயதாகிக்கொண்டேதான் இருக்கும்.

டயரிலிருந்து ஆரம்பிக்கிறேன், உயிர் போகிற விஷயம் அதுதான். சமீபத்தில் பிள்ளையார்பட்டி போய்விட்டு அப்படியே மதுரை போகப் புறப்பட்ட ஒரு குடும்பத்தின் காரை, கிளம்பும் முன் காற்று மட்டும் பார்த்துவிடலாம் என்று கொண்டுவந்தார்கள். பட்டன், அதாவது தரையில் படுகிற வரிக்கட்டைகள், தேயவே இல்லை, கறுப்பாகப் பளபளவென்று பாலிஷ் வேறு போட்டிருந்தார்கள். துணியால் அதைத் துடைத்துவிட்டு டயரின் பக்கவாட்டைக் கட்டைவிரலால் அழுத்தினேன், சுற்றிலும் முடி முடியாக வெடிப்பு. 'டிஓடி' என்று ஆரம்பிக்கும் எழுத்து வரிசையின் கடைசியில் ஒரு சின்ன ஓவலுக்குள் 1815 என்று இருந்தது. 2015ஆம் ஆண்டின் 18வது வாரத்தில் செய்த டயர் என்று அதற்கு அர்த்தம். எல்லா டயரிலும் இந்த நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டும் வாரம், கடைசி இரண்டும் வருடம். சில நேரம் உள்பக்கமாக இருக்கும், குனிந்துதான் பார்க்க வேண்டும். அந்தக் குடும்பத்தை வேறு காரில் போகச் சொல்லிவிட்டேன், முதலில் கோபம்தான் பட்டார்கள், அப்புறம் வெடிப்பைக் காட்டியதும் சரி என்றார்கள்.

டயர் ஐந்து வருடம் தாண்டினால் வருடாவருடம் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும், பத்து வருடம் என்றால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் கழற்றிவிட வேண்டும் என்பது டயர் கம்பெனிகளே பொதுவாகச் சொல்வது. நம் ஊர் வெயிலுக்கு ஆறாவது வருடமே மாற்றிவிடலாம் என்பது என் கருத்து. ஸ்டெப்னியும் அதே வயதுதான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

காற்று விஷயத்திலும் ஒரு தப்பான நம்பிக்கை இருக்கிறது. வெயில் காலத்தில் டயருக்குள் காற்று விரியும், அதனால் குறைத்து வைக்க வேண்டும் என்கிறார்கள். காற்று குறைந்தால்தான் டயரின் பக்கவாட்டு அதிகமாக மடங்கி மடங்கி நிமிர்ந்து சூடேறும், வெடிப்பதும் அதனால்தான். எவ்வளவு வைக்க வேண்டும் என்று டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தால் தெரிகிற தூணில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், ஆள் நிறைய ஏறினால் எவ்வளவு என்றும் அதிலேயே போட்டிருப்பார்கள். காலையில் வண்டி ஓடுவதற்கு முன் பார்க்க வேண்டும், ஓடிச் சூடான டயரில் பார்க்கிற அளவு சரியாக வராது. ஓடாமல் நிற்கிற டயரிலும் மாதத்துக்கு ஒன்றிரண்டு பாயின்ட் தானாகவே இறங்கும்.

அடுத்தது பிரேக் ஆயில். இது காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சுகிற சரக்கு. டிஓடி 4 என்கிற வகைக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும் என்பது அளவு, மூன்று நான்கு சதவீதம் தண்ணீர் கலந்துவிட்டால் 155 வரைக்கும் இறங்கிவிடலாம். கொடைக்கானலிலிருந்து இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சக்கரத்துப் பக்கம் அந்தச் சூடு சாதாரணமாக வரும். உள்ளே ஆவி கட்டிக்கொண்டால் பிரேக்கை மிதிக்க மிதிக்கக் கால் தரைவரை போகும், வண்டி நிற்காது. புது பிரேக் ஆயில் வெளிர் மஞ்சளாக இருக்கும். நான் கழற்றுகிற பழைய கார்களில் அது காபி டிகாக்ஷன் மாதிரி வருகிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும், செலவும் பெரிதில்லை, ஆனால் யாரும் கேட்டு மாற்றச் சொல்வதில்லை.

பேட்டரி பற்றி எழுதும்போது எனக்கு ஒரு வருத்தம் உண்டு. துருப்பிடிப்பதையும் பேட்டரியையும் ஆராய்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் எங்கள் காரைக்குடியில்தான் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுக்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறந்தது. அப்படிப்பட்ட ஊரில், கல்யாண வீட்டு வாசலில் காலையில் நான்கு பேர் காரைத் தள்ளிக்கொண்டு நிற்கிறார்கள். இப்போது வருகிற கார்களில் சாவியை எடுத்த பிறகும் அலாரம், பூட்டு, உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரன்ட் எடுத்துக்கொண்டே இருக்கும். சில வாரம் நின்றாலே பேட்டரி இறங்கிவிடும், இறங்கியபடியே கிடந்தால் உள்ளே தகட்டில் உப்புப் படிந்து அப்புறம் சார்ஜே ஏறாது. முழு சார்ஜில் இருக்கிற பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும், 12.4க்குக் கீழே போனாலே சார்ஜ் போட்டுவிட வேண்டும். மாதக்கணக்கில் யாரும் ஓட்டப்போவதில்லை என்றால் நெகடிவ் டெர்மினலைக் கழற்றி வைத்துவிடுங்கள். கழற்றும்போது நெகடிவ் முதலில், மாட்டும்போது அது கடைசியில். ஆட்டோமேட்டிக் கியர் காரைத் தள்ளி ஸ்டார்ட் செய்யவே முடியாது, அதையும் சொல்லிவைக்கிறேன்.

"தினமும் காலையில அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைக்கிறோமே அண்ணே" என்று பல வீடுகளில் சொல்கிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள், ஆனால் அது கெடுதல். ஸ்டார்ட் செய்ய எடுத்த கரன்ட்டே அந்த ஐந்து நிமிடத்தில் பேட்டரிக்குத் திரும்ப ஏறாது, என்ஜினும் முழுச் சூட்டுக்கு வராது. உள்ளே உண்டாகிற ஈரமும் எரியாத பெட்ரோலும் வெளியேறாமல் ஆயிலோடு கலந்து, ஆயில் மூடியைத் திறந்தால் அடியில் வெளிறிய பசையாக ஒட்டியிருக்கும். தினமும் ஐந்து நிமிடம் உறுமவிடுவதற்குப் பதிலாகப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை லைசென்ஸ் உள்ள ஒருவர் குன்றக்குடி வரைக்கும் போய்த் திரும்பட்டும், அரை மணி நேரம் சாலையில் ஓடட்டும். என்ஜின், பேட்டரி, பிரேக், டயர், ஏசி எல்லாவற்றுக்கும் அது ஒன்றே மருந்து. 2020க்குப் பிறகு வந்த, பிஎஸ்6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்த டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் அவசியம், அதில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் ஃபில்டர் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ள நல்ல வேகத்தில் தொடர்ந்து ஓட வேண்டும்.

பெட்ரோலும் முன்பு மாதிரி இல்லை, இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது, அதுவும் ஈரத்தை இழுக்கும். டேங்க் நிறையப் போட்டுவிட்டு வருடக்கணக்கில் வைத்திருக்க வேண்டாம்.

அம்பாசடர் காலத்துப் பழக்கம் இன்னொன்று, ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றுவது. அன்றைக்கு வீட்டோடு இருந்த டிரைவர்கள் காலையில் எழுந்ததும் தண்ணீர், ஆயில், காற்று மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் காபியே குடிப்பார்கள், அந்த அக்கறையை நான் கும்பிடுகிறேன். ஆனால் இன்றைய அலுமினிய என்ஜினுக்குக் குழாய்த் தண்ணீர் ஆகாது. போர்வெல் தண்ணீரில் உப்புப் படியும், குடிக்க அவ்வளவு ருசியான எங்கள் காரைக்குடி சம்பை ஊற்றுத் தண்ணீராகவே இருந்தாலும் துருவைத் தடுக்கிற மருந்து அதில் இல்லை. புத்தகத்தில் சொல்லியிருக்கிற கூலன்ட்டைத்தான் ஊற்ற வேண்டும், பச்சை இருக்கிற இடத்தில் சிவப்பைக் கலக்கக் கூடாது. என்ஜின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள், முகம் வெந்துபோகும்.

எலியைச் சொல்லாமல் விட முடியாது. பெரிய வீடு, ஆள் நடமாட்டம் குறைவு, ஷெட்டுக்குப் பக்கத்திலேயே நெல் மூட்டையோ பழைய சாக்கோ கிடக்கும், எலிக்கு இதைவிட வசதி எங்கே கிடைக்கும்? ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால் பானட் மெத்தைப் பஞ்சு, தேங்காய் நார், கிழிந்த கல்யாணப் பத்திரிகை எல்லாம் வைத்துக் கூடு கட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரு வயர் கட்டு மாற்ற ஆகிற செலவில் பல வருட சர்வீஸை முடித்துவிடலாம். புகையிலைக் கட்டு தொங்கவிடுவது வாசனை இருக்கிறவரைக்கும்தான். தானியத்தையும் சாக்கையும் ஷெட்டைவிட்டு எடுப்பது, வாரம் ஒருமுறை பானட்டைத் திறந்து வெளிச்சம் படவிடுவது, இவை இரண்டும் அதைவிட நன்றாக வேலை செய்கின்றன. எடுக்கும் முன் பானட்டைத் திறந்து பார்த்தால் உள்ளே படுத்திருக்கும் பூனைக்குட்டியும் பிழைக்கும்.

நிறுத்தி வைக்கும்போது ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு வெளியூர் போகாதீர்கள், பின்சக்கர டிரம்மில் பிரேக் கட்டை ஒட்டிக்கொள்ளும். சமதளத்தில் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்தால் போதும். செம்மண் தூசி படிந்த காரைத் துடைக்காமல் கவர் போட்டால் பெயின்ட் முழுக்கக் கீறல்தான் விழும், பிளாஸ்டிக் கவராக இருந்தால் ஈரமும் உள்ளேயே தங்கும். ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர் இரண்டையும் இந்தத் தூசிக்குப் புத்தகத்தில் சொன்னதைவிடச் சீக்கிரமாகவே பார்க்க வேண்டியிருக்கிறது. இன்சூரன்ஸும் புகைச் சான்றும் தேதி முடிந்திருக்கிறதா என்பதையும் காரை எடுக்கிற அன்றைக்குப் பார்க்காமல் முன்கூட்டியே பாருங்கள்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் என் கோரிக்கை ஒன்றுதான். வெளியூரில் இருக்கிற நம் மக்கள் சொந்த ஊருக்கு வரும் கோடை விடுமுறைக்கும் கல்யாண மாதங்களுக்கும் ஒரு மாதம் முன்னதாக, நெடுநாள் நின்ற காரை எடுப்பதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று சிவகங்கை, புதுக்கோட்டைப் பதிப்புகளிலாவது அரைப் பக்கம் வெளியிடுங்கள். டயர் எண்ணை எப்படிப் படிப்பது என்று ஒரு படமும் போடுங்கள். இங்கே பாலிடெக்னிக்கிலும் ஐடிஐயிலும் வண்டி வேலை படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களைக் கொண்டு திருவிழாவுக்கு முன் ஒரு நாள் இலவசமாக டயர், பேட்டரி, பிரேக் ஆயில் மூன்றை மட்டும் சோதித்துக் கொடுக்க யாராவது ஏற்பாடு செய்தால் நானும் என் கருவிகளோடு வந்து நிற்பேன். அந்த அரைப் பக்கத்தைப் பெரிய எழுத்தில் போடுங்கள். படிக்கப்போவது சிங்கப்பூரில் இருக்கிற முதலாளி இல்லை, இங்கே வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர்.

இப்படிக்கு,
கார் மெக்கானிக் வாசகர்,
பள்ளத்தூர்.