அழைப்பிதழ் முழுதாகத் தெரிய வேண்டுமானால்

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் அதனுடன் அனுப்பியிருந்த அழைப்பிதழும் கிடைத்தன. வாசகர் வட்டத்தின் செயலர் பொறுப்பை நீ ஏற்றுக்கொண்டது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. விடுதியில் ஒரே பத்திரிகையை நாம் முறைவைத்துப் படித்த காலத்திலேயே இந்த ஆர்வம் உன்னிடம் இருந்தது. இங்கே அம்மாவுக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்து, கைப்பேசியில் வரும் செய்திகளை இப்போது தாமே படிக்கிறார். அச்சகத்தில் என் வேலை பெரிதும் மாறிவிட்டது. தாளில் ஏறாமல் திரைக்கு மட்டுமே போகும் படங்களைத்தான் இப்போது அதிகம் கேட்கிறார்கள்.

ஆகையால் உன் கேள்விக்கு விரிவாகவே பதில் எழுதுகிறேன். அழைப்பிதழ் இன்ஸ்டாகிராமில் அடி வெட்டுப்பட்டதும், வாட்ஸ்அப்பில் மங்கியதும் ஒரே காரணத்தால் நேர்ந்தவை. அது ஏ4 தாளுக்காகச் செய்த வடிவம். தாளின் உயரம் அகலத்தைப் போல ஏறத்தாழ 1.41 மடங்கு. இன்ஸ்டாகிராம் 2010இல் தொடங்கியபோது சதுரப் படங்களை மட்டுமே ஏற்றது; 2015 ஆகஸ்டில்தான் மற்ற வடிவங்களுக்கு இடம் கொடுத்தது. அப்போதும் உயரம் மிகுந்த நெட்டுப் படத்துக்கு, அகலமும் உயரமும் 4:5 என்ற எல்லையை வைத்தது. அதாவது 1080 பிக்சல் (திரைப்படத்தை ஆக்கும் சிறு கட்டம்) அகலத்துக்கு 1350 பிக்சல் உயரம். உன் அழைப்பிதழை 1080 அகலத்துக்குச் சுருக்கினால் உயரம் 1527 வரும். மிஞ்சும் 177 பிக்சலை எங்கேயாவது வெட்டித்தான் ஆக வேண்டும். மேலும் கீழும் சமமாக வெட்டினால் தாளின் கணக்கில் பக்கத்துக்கு ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் போகிறது. நம் வழக்கப்படி தலைப்பில் வள்ளுவர் படமும் அடியில் கூட்டம் நடக்கும் இடமும் இருப்பதால், வெட்டுப்படுவது மிகத் தேவையான அந்த இடமாகவே இருந்துவிடுகிறது.

2025இல் இன்ஸ்டாகிராம் 3:4 படங்களையும் ஏற்கத் தொடங்கியது. ஒருவரின் பக்கத்தில் வரிசையாகத் தெரியும் சதுரக் கட்டங்களும் அந்த ஆண்டில்தான் நெட்டுக் கட்டங்களாயின. உங்கள் வட்டத்துக்கு 1080 × 1350 அளவே போதும் என்பது என் முடிவு. ஃபேஸ்புக்கிலும் அது நன்றாகவே நிற்கும். கைப்பேசித் திரையில் சதுரத்தைவிட அதிக இடமும் பிடிக்கும். நெட்டுக் கட்டத்தில் இருபுறமும் 34 பிக்சல் அளவுக்கு மறையும் என்பதால், எழுத்துகளை ஓரத்திலிருந்து 60 பிக்சலாவது உள்ளே தள்ளி வை. பழைய சதுரப் படங்களோ அதே கட்டத்தில் இருபுறமும் 135 பிக்சல் இழக்கின்றன. வட்டத்தின் பழைய பதிவுகளில் பேச்சாளர் பெயர்கள் பாதியில் நிற்பது அதனால்தான்.

அளவைக் காட்டிலும் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது எழுத்தைப் பற்றியது. ஏ4 தாளின் அகலம் 21 சென்டிமீட்டர், கைப்பேசித் திரையின் அகலம் ஏறத்தாழ ஏழு சென்டிமீட்டர்தான். தாளில் 12 புள்ளி (அச்சில் எழுத்தை அளக்கும் அலகு) அளவில் வசதியாகப் படித்த பெயர், திரையில் 4 புள்ளி எழுத்தாகச் சுருங்கிவிடுகிறது. அம்மாவைப் போன்ற வாசகர்கள், உங்கள் கூட்டங்களுக்குத் தவறாமல் வருபவர்களும் அந்த வயதினர்தாம், அதை விரலால் விரித்துப் பார்க்க மாட்டார்கள், கடந்து போய்விடுவார்கள். எனவே 1080 அகலப் படத்தில் எந்த எழுத்தும் 40 பிக்சலுக்குக் கீழே இறங்கக் கூடாது. தேதி, நேரம், இடம் மூன்றும் அதைப்போல இரு மடங்காவது இருக்கட்டும். தமிழுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. சிறிய எழுத்தில் மெய்யின் மேலுள்ள புள்ளிக்கு இரண்டு மூன்று பிக்சல்தான் கிடைக்கும். படக்கோப்பைச் சிறிதாக்கிச் சேமிக்கும் ஜேபிஜி முறை, படத்தை எட்டுக்கு எட்டுப் பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்கும்போது முதலில் கரைவது அந்தப் புள்ளிதான். புள்ளி போனால் மெய் உயிர்மெய்யாகி, ஒரு மனிதரின் பெயரே வேறாகிவிடும். அழைத்த ஒருவருக்கு நாம் அப்படிச் செய்யலாகாது.

நிறமும் இதில் சேர்ந்துகொள்கிறது. ஜேபிஜியில் ஒளியின் அளவு நுட்பமாகவும், நிறம் பெரும்பாலும் அதைவிடக் குறைந்த நுட்பத்திலும் சேமிக்கப்படுகிறது. பச்சை அல்லது நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்து ஓரங்களில் கசிந்தது போலத் தெரிவது அதனால்தான். வெளிர் பின்னணியில் கருமையான எழுத்து வைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இராது. எழுத்தே மிகுந்த படத்தை, நுட்பம் இழக்காமல் சேமிக்கும் பிஎன்ஜி கோப்பாகவும், பேச்சாளரின் ஒளிப்படம் பெரிதாக உள்ளதை ஜேபிஜியாகவும் சேமி. அச்சு மைகளுக்கான சிஎம்ஒய்கே நிற முறையிலேயே கோப்பை அனுப்பாமல், திரைக்கான எஸ்ஆர்ஜிபி நிற முறைக்கு மாற்றச் சொல். வடிவமைப்பாளர் 300 டிபிஐ (தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) இருக்கிறது என்று உறுதி சொல்வது தாளுக்குப் பொருந்தும்; திரைக்கு எத்தனை பிக்சல் என்பது மட்டுமே கணக்கு. 2480 பிக்சல் அகலத்தில் நீ ஏற்றினாலும் இன்ஸ்டாகிராம் அதை 1080க்குச் சுருக்கிவிடும். அந்தச் சுருக்கத்தை நாமே கவனமாகச் செய்து, எழுத்துகளைச் சரிபார்த்து அனுப்புவதுதான் நல்லது.

வாட்ஸ்அப்பில் 2023 முதல் படத்தை அனுப்பும்போது எச்டி என்ற உயர்தரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். ஆவணமாக இணைத்தால் கோப்பு மாறாமல் போய்ச் சேரும். ஆனால் குழுவில் உள்ள பெரும்பாலோர் ஆவணத்தைத் திறப்பதில்லை என்பதால், எச்டி படமாக அனுப்புவதையே நான் சொல்வேன். ஸ்டேட்டஸுக்கும் இன்ஸ்டாகிராம் ஸ்டோரிக்கும் 1080 × 1920 அளவில் தனியே ஒன்று செய்துகொள். அதில் மேலே 250 பிக்சலும் கீழே 340 பிக்சலும் வெறுமையாக இருக்கட்டும். பெயரும் பொத்தான்களும் அங்கே வந்து உட்காரும்.

ஃபேஸ்புக் பக்கத்தின் முகப்புப் படம் கணினியில் 851 × 315 ஆகவும், கைப்பேசியில் 640 × 360 ஆகவும் காட்டப்படுகிறது. இரண்டும் வெவ்வேறு விகிதம். ஆகவே வட்டத்தின் பெயரை நடுவில் வைத்துவிட்டு, ஓரங்களில் வெட்டுப்பட்டாலும் பொருள் கெடாத காட்சியை மட்டும் வை. கூட்டப் பதிவை யூடியூபில் ஏற்றும்போது, காணொளியைத் திறக்கும் முன் தெரியும் முன்படத்துக்கு 1280 × 720 அளவு. வலது கீழ்மூலையில் காணொளியின் நேரம் தெரியும் என்பதால் அங்கே எதையும் எழுதாதே.

இனி நீ தயங்கிக் கேட்டிருந்த செய்தி. தலைமை, முன்னிலை, வரவேற்புரை, சிறப்புரை, நன்றியுரை என்று எல்லாப் பெயர்களும் படத்தில் இருக்க வேண்டும் என்று மூத்தவர்கள் வற்புறுத்துவதில் தவறில்லை. வட்டத்தை இத்தனை ஆண்டு காத்தவர்கள் அவர்கள். ஆயினும் பதினைந்து பெயர்களையும் 1080 பிக்சலுக்குள் அடைத்தால் ஒருவர் பெயரும் படிக்கப்படாது. ஒரே பதிவில் பல படங்களை அடுக்கும் வசதி இதற்கு உதவும். முதல் படத்தில் தலைப்பு, சிறப்புரையாளர், தேதி, நேரம், இடம். இரண்டாவது படத்தில் முழு நிகழ்ச்சி நிரல், ஒவ்வொரு பெயரும் படிக்கும் அளவில். எல்லாப் படங்களும் முதல் படத்தின் விகிதத்தையே ஏற்கும் என்பதால் இரண்டையும் 4:5 ஆகவே செய். இந்த ஏற்பாட்டை அவர்களிடம் கைப்பேசியிலேயே காட்டிப் பேசு. தங்கள் பெயர் முன்பைவிடத் தெளிவாகத் தெரிவதைக் கண்டால் ஒப்புக்கொள்வார்கள் என்று நம்புகிறேன். படத்தில் உள்ள தேதியையும் இடத்தையும் பதிவின் வாசகத்திலும் மறக்காமல் எழுது. எழுத்தை உரக்கப் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் வைத்திருக்கும் பார்வையற்ற நண்பர்களுக்கு அந்த எழுத்துதான் அழைப்பிதழ்.

இந்த மாதக் கூட்டத்துக்கான விவரங்களை அச்சகத்துக்குக் கொடுக்கும் முன்பே எனக்கு அனுப்பிவிடு. மேலே சொன்ன அளவுகளில் மாதிரி செய்து, மாற்றக்கூடிய எழுத்துகளோடு கோப்பைத் தருகிறேன். அடுத்த மாதம் முதல் தேதியையும் பெயர்களையும் மட்டும் நீயே மாற்றிக்கொள்ளலாம். சிறப்புரையாளரின் ஒளிப்படத்தை வாட்ஸ்அப்பில் வந்த நகலாக இல்லாமல் அவரிடமிருந்தே மின்னஞ்சலில் வாங்கி அனுப்பு. வீட்டில் அனைவருக்கும் என் அன்பைச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்