அந்தச் சின்ன பேட்டரியையும் சோதித்துப் பாருங்கள்: கார் நிறுவனத்தின் சர்வீஸ் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சர்வீஸ் பிரிவினருக்கு,

வணக்கம். என் புகார் எண் உங்களிடம் இருக்கிறது, மூன்று முறை போனில் பேசியாகிவிட்டது, மெயிலும் போட்டாகிவிட்டது. அதனால் என் மின்சார காரின் மாடல், வாங்கிய தேதி எல்லாம் மறுபடி எழுதவில்லை. போன மாதம் ஒரு காலை விருதுநகரில் எங்கள் வீட்டு வாசலில் நடந்ததை மட்டும் முழுதாகச் சொல்கிறேன், ஏனென்றால் போனில் யாரும் என்னைச் சொல்லி முடிக்க விடவில்லை.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. வீட்டுக்குள் வாக்கரைப் பிடித்து நடப்பார், வெளியே போனால் வீல்சேர்தான். அது எப்போதும் கார் டிக்கியிலேயே இருக்கும். அன்றைக்கு மதுரையில் நரம்பு மருத்துவரிடம் ஒன்பது மணிக்கு அப்பாயின்ட்மென்ட், ஐந்து வாரம் காத்திருந்து கிடைத்தது. ஆறரைக்கே அம்மா சேலை மாற்றிக்கொண்டு, ஸ்கேன் கவரை மடியில் வைத்தபடி வாசல் நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டார். நான் சாவியை அழுத்தினேன். கார் செத்துக் கிடந்தது. முந்தின நாள்தான் ஆப்பில் 68 சதவீதம் சார்ஜ் காட்டியது.

ரிமோட்டுக்குள் இருக்கும் இரும்புச் சாவியை உருவி டிரைவர் கதவைத் திறந்தேன். உள்ளே விளக்கு இல்லை, திரை கறுப்பு. டிக்கி கரண்டில்தான் திறக்கும். பின்சீட்டை மடக்கி, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஊர்ந்துபோனேன், வீல்சேர் கைக்கு எட்டியது, ஆனால் அதன் சக்கரம் சீட்டில் இடித்துக்கொண்டு வெளியே வரவே இல்லை. இருபது நிமிடம் இழுத்தேன். அம்மா எதையும் பார்க்காதது மாதிரி தெருவைப் பார்த்துக்கொண்டு, "விடுப்பா, இன்னொரு நாள் போய்க்கலாம்" என்றார். கடைசியில் நானும் பக்கத்து வீட்டுக்காரரும் அம்மாவைக் கையில் தூக்கி டாக்ஸியில் ஏற்றினோம். போய்ச் சேரும்போது மணி பதினொன்று. மருத்துவர் கிளம்பிவிட்டிருந்தார்.

உங்கள் உதவி எண்ணில் எடுத்தவர் கேட்ட முதல் கேள்வி, "சார்ஜ் போட்டீங்களா சார்?" பக்கத்து வீட்டு பெட்ரோல் காரின் பேட்டரியிலிருந்து ஜம்பர் கேபிள் போட்டு கரண்ட் கொடுக்கலாமா என்று கேட்டதற்கு, "ஹை வோல்டேஜ் சார், கை வைக்காதீங்க" என்றார். உங்கள் கையேட்டிலேயே அது படம் போட்டு விளக்கப்பட்டிருக்கிறது என்பதை அன்று இரவுதான் படித்தேன். காலையிலேயே அவர் அந்தப் பக்கத்தைச் சொல்லியிருந்தால் அம்மா மருத்துவரைப் பார்த்திருப்பார்.

சாயங்காலம் உள்ளூர் பேட்டரிக் கடைத் தம்பி வந்து பானெட்டைத் திறந்து, அங்கிருக்கும் சின்ன 12 வோல்ட் பேட்டரியில் மீட்டர் வைத்தார். 9.4 வோல்ட். நல்ல நிலையில் 12.6 இருக்க வேண்டும். வேறொரு பேட்டரியிலிருந்து கேபிள் கொடுத்ததும் உள்ளே டக்கென்று ரிலே விழுந்த சத்தம், திரையில் அதே 68 சதவீதம். காரை ஓட்டும் பெரிய பேட்டரி முழுக்க நன்றாக இருந்தும், அதைக் காரோடு இணைக்கும் கான்டாக்டர் என்ற சுவிட்சை மூட இந்த 12 வோல்ட் வேண்டும். பூட்டு, விளக்கு, ஹாரன், கம்ப்யூட்டர் எல்லாமே இதில்தான் ஓடுகின்றன. இது படுத்துவிட்டால் சார்ஜரைச் சொருகினாலும் கார் விழிக்காது.

அதற்கு முன் நான் வேலையாகப் பதினொரு நாள் வெளியூரில் இருந்தேன், கார் நின்றே கிடந்தது. பத்திரமாக இருக்கிறதா என்று தினமும் நாலைந்து தடவை ஆப்பைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு முறையும் கார் விழித்துக்கொண்டு இந்தச் சின்ன பேட்டரியிலிருந்துதான் கரண்டை எடுக்கிறதாம். இதை கார் விற்றபோது யாரும் சொல்லவில்லை, சர்வீஸிலும் சொல்லவில்லை. நம் ஊர் வெயிலும் சேர்ந்துகொள்கிறது: பத்து டிகிரி சூடு கூடினால் லெட் ஆசிட் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும் என்பது பேட்டரி வேலை பார்ப்பவர்களுக்குத் தெரிந்த கணக்கு. பெட்ரோல் காரிலாவது பேட்டரி போகப்போகிறது என்றால் செல்ஃப் இழுத்து இழுத்து நமக்குச் சொல்லிவிடும். இதில் செல்ஃப் மோட்டாரே கிடையாது, அதனால் கடைசி நாள் வரை ஒரு அறிகுறியும் தெரிவதில்லை.

ஐந்து வாரம் முன்புதான் உங்களிடம் சர்வீஸ் விட்டேன். அந்தச் சீட்டு முன்னால் இருக்கிறது. வைப்பர் தண்ணீருக்கு டிக், டயர் காற்றுக்கு டிக், ஏசி ஃபில்டருக்கு டிக். 12 வோல்ட் பேட்டரிக்கு ஒரு வரிகூட இல்லை. நான் கேட்பது இதுதான்: ஒவ்வொரு சர்வீஸிலும் இந்த பேட்டரியை லோட் டெஸ்ட் செய்து, அதாவது சுமை கொடுத்துத் தாங்குகிறதா என்று பார்த்து, வந்த அளவை எழுதிக் கையில் கொடுங்கள்.

என் அப்பா அம்பாசிடர் ஓட்டிய காலத்தில் மாதம் ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவார், முனையில் வெள்ளையாகப் பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவி வாஸ்லின் தடவுவார். அதற்கு இரண்டு ரூபாய் செலவாகியிருந்தால் அதிகம். இன்றைக்கு இருபது லட்சம் கொடுத்து வாங்குபவரிடம் திரை எத்தனை இன்ச், எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று ஒரு மணி நேரம் பேசுகிறார்கள், பானெட்டுக்குள் இப்படி ஒன்று இருக்கிறது என்று மட்டும் காட்டுவதில்லை. இது யாருக்கும் தெரியாத விஷயமும் இல்லை. 2024இல் ஹூண்டாய் இந்தியாவில் 1,744 ஐயோனிக் 5 கார்களையும் கியா 1,138 இவி6 கார்களையும் திரும்ப அழைத்தன, ஐசிசியு என்ற கருவி பழுதானால் 12 வோல்ட் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறாமல் போகலாம் என்பதற்காக. என் கார் அவற்றில் ஒன்றல்ல, என் காரில் அந்தப் பழுதும் இல்லை. ஆனால் இந்தப் பேட்டரி நின்றால் கார் நின்றுவிடும் என்பது இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். புது பேட்டரிக்கு ஆன 5,800 ரூபாயை நான் திருப்பிக் கேட்கவில்லை. "அது தேய்மானப் பொருள் சார், வாரண்டி வராது" என்று உங்கள் மேலாளர் சொன்னதையும் ஏற்றுக்கொள்கிறேன். தேய்மானப் பொருள் என்றால் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? சர்வீஸ் சீட்டில் ஒரு வரி சேருங்கள், வோல்ட் எவ்வளவு என்று எழுதுங்கள், முடிந்தால் அளவு குறையும்போது ஆப்பில் ஒரு எச்சரிக்கை வரச் செய்யுங்கள். உதவி எண்ணில் பேசும் பிள்ளைகளுக்கு ஜம்பர் கேபிள் பக்கத்தை ஒருமுறை படிக்கக் கொடுங்கள்.

அம்மாவுக்குப் புது அப்பாயின்ட்மென்ட் அடுத்த மாதம் கிடைத்திருக்கிறது. அதற்கு முந்தின வாரம் காரை உங்களிடம் சர்வீஸுக்கு விடுகிறேன். சீட்டில் அந்த வரி இருக்க வேண்டும் என்று தயவுசெய்து கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்,
விருதுநகர்