முத்திரையைத் தெளிவாகக் குத்தக் கூடாதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

தபால்தலை சேகரிப்பு என்றால் பள்ளிப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்றே பலரும் நினைக்கிறார்கள். அதற்குள் எத்தனை கிளைகள்! ஒருவர் ரயில் படங்களை மட்டும் தேடுவார். இன்னொருவர் ஓரத்துப் பல் துளைகளை எண்ணுவார், வெளிச்சத்தில் பிடித்து, தாளுக்குள் மறைந்திருக்கும் நீர்க்குறி அடையாளத்தைப் பார்ப்பார். என் சேகரிப்புக்கு நீலகிரிதான் கருப்பொருள். 2006இல் குறிஞ்சி பூத்தபோது வெளியான தபால்தலையும், வரையாடு உள்ள தலையும் என் ஆல்பத்தின் முதல் பக்கத்தில் இருக்கின்றன.

ஆனால் என் உயிர், அஞ்சலகத்தில் தலைமேல் ஊரும் தேதியும் தெரியக் குத்தும் முத்திரைகளில்தான். 'ஊட்டகமண்ட்' என்று ஆங்கிலத்தில் பொறித்த பழைய வட்ட முத்திரையையும் இன்றைய 'உதகமண்டலம்' முத்திரையையும் அருகருகே வைத்தால், ஊரின் கதை ஒரு விரற்கடையில் அடங்கிவிடும். அதனால்தான் பழைய உறையிலிருந்து தலையைக் கத்தரிக்காதீர்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சுகிறேன்.

சென்ற மாதம் குறிஞ்சித் தலை ஒட்டி எனக்கே ஒரு கடிதம் அனுப்பினேன். வந்தது. பூவின் மேல் நீலப் பந்துமுனைப் பேனாவால் குறுக்கே இரண்டு கோடுகள்! ஊரும் இல்லை, தேதியும் இல்லை. எங்கள் மலைப் பனி ஆல்பத்துக்குள் புகுந்து பசையை இளக்கித் தலைகளை ஒட்டவைப்பது போதாதா? அதையாவது உறிஞ்சுதாள் வைத்துச் சமாளிக்கலாம்.

அஞ்சல் துறையினர் மையிட்ட முத்திரையை ஒரே ஒரு முறை, தேதி தெரியும்படி குத்தினால் போதும்.

வாசகர்,
குன்னூர்